கத்திக்குக் கூர் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை: வீட்டிலும் தோட்டத்திலும் சோதிக்க முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கத்தி தீட்டத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். பால்மரம் (ரப்பர்) சீவிய கை, செம்பனைக் குலை அறுத்த கை, கல்யாண வீட்டில் மூட்டை மூட்டையாக வெங்காயம் அரிந்த கை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை உண்டு. ஆனால் தீட்டி முடித்த பிறகு என்ன செய்கிறோம்? கட்டை விரலை ஒரு தடவை வைத்துப் பார்த்து, "சரி, போதும்" என்று எழுந்துவிடுகிறோம். அந்த ஒரு தடவலில் கத்தி கூரா மொக்கையா என்பது ஓரளவு தெரியும். எந்த இடத்தில் மழுங்கியிருக்கிறது, எதனால் மழுங்கியது என்பது தெரியாது. அது தெரியாமல் மறுபடி கல்லில் போட்டுத் தேய்த்தால் கத்திதான் கரையும், கூர் வராது.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்: எப்படிச் செய்வது, அது எதைக் காட்டும், எதைக் காட்டாது.

முதலில் கத்தி வாயைப் புரிந்துகொள்வோம்

இரண்டு பக்கச் சரிவுகளும் ஒரு கோட்டில் போய்ச் சேரும் இடம்தான் கத்தி வாய். நன்றாகத் தீட்டிய கத்தியில் அந்தக் கோட்டின் தடிமன் ஒரு மைக்ரான் அளவுக்கு வந்துவிடும். நம் தலைமுடி 50 முதல் 100 மைக்ரான். கண்ணால் அளக்க முடியாத அந்தக் கோடு நான்கு விதத்தில் கெடும். தேய்ந்து உருண்டு போகலாம். புத்தகத் தாளின் ஓரம் மடங்குவது போல ஒரு பக்கமாக மடங்கலாம். எலும்பிலோ கல்லிலோ பட்டுச் சில்லு பெயரலாம். நான்காவது, தீட்டும்போதே உண்டாகும் பிசிறு: ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் மெல்லிய இரும்பு நூலாக எழுந்து நிற்பது.

இந்த நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. மடங்கிய வாயைத் தீட்டுக்கம்பியில் லேசாக இழுத்து நிமிர்த்தினாலே போதும். உருண்டு போனதற்குக் கல் வேண்டும். சில்லு பெயர்ந்தால் முரட்டுக் கல்லில் தொடங்க வேண்டும். பிசிறு இருந்தால் கூட்டித் தீட்டாமல் பிசிறை எடுக்க வேண்டும்.

சோதிக்கும் முன் கத்தியை சோப்புப் போட்டுக் கழுவி, முதுகுப் பக்கமிருந்து வாய்ப் பக்கம் துடைத்து, முழுக்கக் காய வையுங்கள். மீன் கொழுப்பும் ரப்பர் பாலும் மெல்லிசாக ஒட்டியிருந்தால் எந்தச் சோதனையும் ஒழுங்காக வராது. சின்னப் பிள்ளைகளை அடுப்படியிலிருந்து அனுப்பிவிட்டு உட்காருங்கள்.

படி 1: வெளிச்சத்தில் பார்ப்பது

எல்லாவற்றிலும் எளிது, கத்தியை எதிலும் தொடவே வேண்டாம். அதனால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கத்தி வாயை மேலே வைத்து, கைப்பிடி உங்கள் பக்கம் இருக்க, டியூப் லைட்டுக்கோ கைப்பேசி டார்ச்சுக்கோ கீழே பிடியுங்கள். வாயை நேராகப் பார்த்துக்கொண்டே கத்தியை இடமும் வலமும் மெதுவாகச் சாயுங்கள்.

கூரான வாய்க்கு வெளிச்சத்தைத் திருப்பியடிக்க அகலம் கிடையாது. அது கறுப்பாக, இல்லாதது மாதிரியே தெரியும். எங்கே வெள்ளைக் கோடோ புள்ளியோ மினுக்குகிறதோ அங்கே கூர் போய்விட்டது. நீளமான மெல்லிய கோடு என்றால் உருண்டோ மடங்கியோ இருக்கிறது. தனிப் புள்ளி என்றால் சில்லு. மினுக்கும் இடத்தை மார்க்கர் பேனாவால் கத்தியின் பக்கவாட்டில் குறித்து வையுங்கள். பெரும்பாலான சமையல் கத்திகளில் முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை உள்ளே தள்ளித்தான் கோடு தெரியும். பலகையில் அதிகம் இடிபடுவது அந்த இடம்தான்.

வெளிச்சம் காட்டாதது ஒன்று உண்டு. பெரிய கேடு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். மினுக்கம் இல்லை என்பதற்காகக் கத்தி கூர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

படி 2: பிசிறைத் தேடுவது

இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் தீட்டிய கத்திக்கு இதுதான் தலையாய சோதனை. பிசிறு உள்ள கத்தி பேப்பரை அழகாக வெட்டும், கை முடியைக்கூட மழிக்கும். ஒரு கோழி வெட்டியதும் அந்த நூல் மடங்கி, கத்தி மொக்கையாகிவிடும். "நேத்துத்தான் தீட்டினேன், அதுக்குள்ள போயிடுச்சு" என்ற புலம்பல் எழுந்தால், பெரும்பாலும் பிசிறுதான் காரணம்.

விரல் நுனியைக் கத்தியின் பக்கவாட்டில் வைத்து, முதுகிலிருந்து வாய் நோக்கி இழுத்து வெளியே எடுங்கள். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் ஓட்டக் கூடாது. இரண்டு பக்கமும் செய்து பாருங்கள். ஒரு பக்கம் வழவழவென்று வந்து, மறுபக்கம் விரலில் லேசாக உராய்ந்தால் பிசிறு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. கடைசியாக நீங்கள் தேய்த்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் பெரும்பாலும் இருக்கும்.

விரலை நம்ப முடியாதவர்கள் பஞ்சை எடுத்து அதே திசையில் துடையுங்கள். இழை எங்கே மாட்டி நிற்கிறதோ அங்கே பிசிறோ சில்லோ இருக்கிறது.

படி 3: விரலும் பேனாவும்

கட்டை விரல் சோதனையை நான் ஒதுக்கவில்லை. செய்யும் விதம் தெரிந்தால் அது நிறையச் சொல்லும். விரலின் சதைப் பகுதியை வாய்க்குக் குறுக்கே, எடையே இல்லாமல் வைத்து, பக்கவாட்டில் மிக மெதுவாக நகர்த்துங்கள். கூரான வாய் தோலின் ரேகைகளைப் பிடிக்கும். மழுங்கியது வழுக்கும்.

ஆனால் விரலுக்கு ஒரு பாரபட்சம் உண்டு. 400 நம்பர் முரட்டுக் கல்லில் தீட்டிய வாயில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் இருக்கும், அதை விரல் "நல்ல கூர்" என்று சொல்லும். 6000 நம்பர் கல்லில் மெருகேற்றிய வாயை "வழுக்குகிறதே" என்று குறைத்துச் சொல்லும். இரண்டாவது கத்தி முதல் கத்தியைவிடக் கூராகவே இருக்கலாம்.

நகத்தில் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். சமையல் கத்திக்கு அது வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பந்துமுனைப் பேனாவே போதும், சுத்தமும் கூட. பேனாவைச் சாய்த்துப் பிடித்து, கத்தி வாயை அதன் மேல் அதன் சொந்த எடையில் மட்டும் உட்கார வையுங்கள். அழுத்தாதீர்கள். அப்படியே நின்றால் கூர், வழுக்கி இறங்கினால் மழுங்கல். அடி, நடு, முனை என்று மூன்று இடத்திலும் வையுங்கள். பேனாவை எவ்வளவு அதிகம் சாய்த்தும் கத்தி நழுவாமல் பிடிக்கிறதோ அவ்வளவு கூர் என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

படி 4: பேப்பர்

பேப்பர் வெட்டிக் காட்டும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். சோதனை நல்லதுதான், ஆனால் எந்தப் பேப்பர், எந்தத் திசை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

செய்தித்தாளுக்கு ஓட்டம் உண்டு. ஒரு திசையில் கிழித்தால் நேராகக் கிழியும், மறு திசையில் கோணலாகப் போகும். நேராகக் கிழியும் திசையில் வெட்டினால் சுமாரான கத்திகூடத் தேறிவிடும். வாழையிலை நரம்போடு தானாகவே கிழியும் என்பதால் அதை வைத்துக் கத்தியைச் சோதிக்க முடியாது. அதே காரணம்தான் இங்கேயும். ஓட்டத்துக்குக் குறுக்கே வெட்டுங்கள்.

எளிதிலிருந்து கடினத்துக்கு இப்படிப் போகலாம்: முதலில் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள், அடுத்து செய்தித்தாள் குறுக்குவாட்டில், கடைசியாகக் கடையில் தரும் மெல்லிய ரசீதுத் தாள். இடது கையில் தாளின் மேல் ஓரத்தைத் தொங்கவிட்டுப் பிடித்து, விரலிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளி, கைக்கு எதிர்த் திசையில் வெட்டுங்கள். கைப்பிடிப் பக்கத்தில் தொடங்கி முனை வரை முழு வாயும் தாளைக் கடந்து போக வேண்டும். காதையும் திறந்து வையுங்கள். ஒரே சீராக "ஸ்ஸ்" என்று வந்தால் சரி. நடுவில் "டக்" என்று மாட்டினால், மாட்டிய இடத்தைப் படி 1-இல் போட்ட மார்க்கர் குறியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே இடம் என்றால் அங்கே சில்லு இருக்கிறது என்பது உறுதி.

இழுத்து வெட்டும் சோதனையில் தேறிய கத்தியை இன்னும் சோதிக்க வேண்டுமா? இழுக்காமல் நேராகக் கீழே அழுத்தி மட்டும் தாளை வெட்டிப் பாருங்கள். இதற்கு உண்மையான கூர் வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் தாள் ஈரத்தை இழுத்து நொந்துபோகும். நொந்த தாள் கத்திக்கு முன்னால் வளைந்து கொடுக்கும், நல்ல கத்தியும் தோற்கும். சோதனைக்கென்று கொஞ்சம் தாளை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். தாளில் சுண்ணாம்பு, களிமண் மாதிரியான நிரப்புப் பொருட்கள் கலந்திருக்கும். அவை வாயைத் தேய்க்கும் என்பதால் இரண்டு மூன்று வெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: வேலையிலேயே சோதிப்பது

பேப்பரைத் தின்கிறோமா? கத்தி எந்த வேலைக்கோ அந்த வேலையில் தேற வேண்டும்.

சமையல் கத்திக்குத் தக்காளி. கேமரன் மலையிலிருந்து பாசாருக்கு வரும் தக்காளியில் நன்றாகப் பழுத்ததாக ஒன்றைப் பலகையில் வைத்து, கையால் பிடிக்காமல், கத்தியை மேலே வைத்து எடை கொடுக்காமல் இழுங்கள். தோல் வழுவழுப்பு, உள்ளே மென்மை. கத்தி கூராக இல்லை என்றால் தோல் அமுங்கிச் சுருங்கி, தக்காளி உருண்டு ஓடும். கூராக இருந்தால் முதல் இழுப்பிலேயே தோல் திறந்து கத்தி உள்ளே இறங்கும், விதைக் குழம்பு கலையாது. பேப்பரை அழகாக வெட்டிய கத்தி தக்காளியில் வழுக்கினால், பெரும்பாலும் வாயை மிகவும் மெருகேற்றிவிட்டீர்கள். 1000 நம்பர் கல்லில் லேசாக இரண்டு இழுப்பு இழுத்தால் பல் வந்துவிடும்.

பச்சை மிளகாய் இன்னொரு நல்ல சோதனை. பொடியாக நறுக்கிய பின் பலகையிலிருந்து அள்ளும்போது இரண்டு துண்டுகள் தோலில் ஒட்டிக்கொண்டே வந்தால், கத்தி சதையை வெட்டி அடித்தோலை விட்டிருக்கிறது. சின்ன வெங்காயம் அரியும்போது வழக்கத்தைவிடக் கண் அதிகம் எரிந்தாலும் கவனியுங்கள். மழுங்கிய வாய் வெங்காயத்தை நசுக்கிச் சாறு தெறிக்க விடுகிறது. கோழிக்கும் கெம்போங் மீனுக்கும் வைத்திருக்கும் கத்தியை அந்தக் கோழி, மீன் தோலிலேயே சோதியுங்கள். ஈரத் தோலில் வழுக்கும் கத்திதான் விரலை வெட்டும்.

கை முடியை மழித்துப் பார்ப்பதை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. பிசிறுள்ள முரட்டு வாயும் மழிக்கும், அதனால் நம்பகமும் இல்லை. உணவுக் கத்தியைத் தோலில் வைப்பது சுத்தமும் இல்லை. சவரக் கத்தி வைத்திருக்கும் முடிதிருத்துபவர்களுக்கு வேண்டுமானால் தொங்கும் முடிச் சோதனை உதவும். கழுவிய முடி ஒன்றை ஒரு நுனியில் பிடித்து, மறு நுனியைக் கத்தி வாயின் மேல் விட்டால் தானாக அறுபட வேண்டும்.

தோட்டத்து ஆயுதங்கள்

1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் எச். என். ரிட்லி காட்டித் தந்த முறையில்தான் இன்றும் பால் வெட்டுகிறோம்: ஒரே காயத்தை, பட்டையின் மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் எடுத்து, மறுபடி மறுபடி திறப்பது. சீவலின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். உள்ளே வளரும் பட்டைத் தசையைத் தொடவே கூடாது. இதற்கு எப்படிப்பட்ட கூர் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பால் வெட்டும் ஜெபோங் உளியின் வாய் 'வி' வடிவில் மடிந்திருக்கும். நேரான இரண்டு பக்கமும் எளிதில் தீட்டுப்படும். மழுங்கிக் கிடப்பது அந்த மூலைதான். டார்ச்சை மூலைக்குள் அடித்துப் பாருங்கள், மினுக்கம் அங்கேதான் இருக்கும். அப்புறம் பென்சில் தடிமனில் ஒரு பச்சைக் குச்சியை எடுத்து, மரத்தில் இழுக்கும் அதே விசையில் சீவுங்கள். சீவல் ஒரே துண்டாகச் சுருண்டு வர வேண்டும். சீவிய இடத்தைத் தொட்டால் வழவழப்பாக, நார் எழும்பாமல் இருக்க வேண்டும். மூலை மழுங்கியிருந்தால் குச்சியில் நடுவே ஒரு கோடு நாராகப் பிய்ந்து நிற்கும்.

கடைசி விடையை மரமே சொல்லும். நல்ல உளி போன வெட்டில் பால் கோடு முழுக்க ஒரே நேரத்தில் முத்து முத்தாக அரும்பும். மழுங்கிய உளி பால் நாளங்களை நசுக்கிவிடும். அங்கங்கே அரும்பாத இடைவெளி தெரியும். சீவல் பொடிப்பொடியாக உதிரும். கை தானாகவே அழுத்தம் கூட்டும், உளி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் படும். அந்தக் காயம் ஆறும்போது பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, அடுத்த முறை அந்தப் பக்கம் வெட்டவே சிரமப்படுத்தும். மரம் சீவுகிறவர்கள் காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பு) போகும் முன் உளியைத் தீட்டுவது இதற்காகத்தான்.

செம்பனை அறுக்கும் நீளக் கம்பு அரிவாளை விரலால் தொடவே தொடாதீர்கள். வளைவின் உட்பக்கம்தான் வாய் என்பதால் விரல் சறுக்கினால் தப்பிக்க இடமில்லை. கம்பிலிருந்து கழற்றி, தரையில் வைத்து, பேனாவால் சோதியுங்கள். பனை இனங்களின் திசுக்களில் சிலிக்கா இருக்கிறது. மட்டையை அறுக்க அறுக்க வாய் வேகமாகத் தேயும். அதனால் காலையில் ஒரு சோதனை போதாது. ஒரே இழுப்பில் விழ வேண்டிய மட்டைக்கு இரண்டு இழுப்பு தேவைப்பட்டால் நிறுத்திவிட்டுத் தீட்டுங்கள்.

பாராங் கத்திக்கு (செடி, கிளை வெட்டும் பெரிய கத்தி) பேப்பர் சோதனையே தேவையில்லை. அது வெட்டிச் சாய்க்கும் ஆயுதம். அதன் வாய் தடிமனான சரிவோடுதான் இருக்க வேண்டும். கட்டை விரல் தடிமனில் ஒரு பச்சைக் கிளை, சாய்வாக ஒரே வீச்சு. வெட்டுமுகம் மழமழவென்று இருந்தால் போதும்.

படி 6: தங்கூசியும் (தூண்டில் நைலான் நூல்) தராசும், எண்ணில் அளப்பது

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கத்திகளுக்கென்றே கேட்ரா என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 8442-5 என்ற உலகத் தரப்படி அவர்கள் இயந்திரத்தில் கத்தியைப் பொருத்தி, 5 விழுக்காடு சிலிக்கா கலந்த அட்டைக் கட்டை 50 நியூட்டன் (சுமார் ஐந்து கிலோ எடை) விசையில் வெட்ட விடுவார்கள். முதல் மூன்று வெட்டில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பது கூர். 60 வெட்டு முடியும்போது மொத்தம் எவ்வளவு என்பது அந்தக் கூர் தாங்கும் திறன். அமெரிக்காவில் புரூபாக்கர் அளவுகோல் என்று ஒன்று உண்டு. இழுத்துக் கட்டிய ஒரு இழையை அறுக்க எத்தனை கிராம் அழுத்தம் வேண்டும் என்று பார்ப்பது. அதில் சவர பிளேடு சுமார் 50, வெண்ணெய்க் கத்தி 2000.

இரண்டாவதை நம் வீட்டிலேயே செய்யலாம். ஒரு பலகைத் துண்டில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணிகளைப் பாதி அடித்து, அவற்றுக்கு நடுவே மெல்லிய தங்கூசியை விறைப்பாகக் கட்டுங்கள். பலகையைச் சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். கத்தியை இழுக்காமல், நேர்கீழாக, மிக மெதுவாக இறக்குங்கள். எண் சட்டென்று மாறும், கண்ணால் பிடிக்க முடியாது. அதனால் கைப்பேசியில் தராசின் முகத்தை வீடியோ எடுத்து, தங்கூசி அறுபடும் முன் காட்டிய பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடி, நடு, முனை மூன்றுக்கும் தனித்தனியாக எடுங்கள்.

இந்த எண்ணை அமெரிக்க அளவோடு ஒப்பிட முடியாது, இழை வேறு. அதற்குப் பதில் புதுச் சவர பிளேடு ஒன்றை அதே தங்கூசியில் முதலில் சோதித்து, அதை உங்கள் அளவுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பிளேடைப் போல இரண்டு மூன்று மடங்குக்குள் உங்கள் கத்தி இருந்தால் சமையலுக்கு அருமையான கூர் என்று நான் சொல்வேன். எப்போதும் ஒரே தங்கூசிச் சுருளையே பயன்படுத்துங்கள், விறைப்பையும் மாற்றாதீர்கள்.

விடையை வைத்து என்ன செய்வது

வாய் முழுக்க மினுக்கம், பேனாவிலும் வழுக்கல் என்றால் 400 நம்பரில் தொடங்கி 1000-க்கு வாருங்கள். மினுக்கம் லேசு, பேனாவில் மட்டும் வழுக்கல் என்றால் வாய் மடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். தீட்டுக்கம்பியிலோ, பீங்கான் கோப்பையின் அடியில் மெருகில்லாத வளையத்திலோ ஒவ்வொரு பக்கமும் சில இழுப்பு போதும். ஒரே இடத்தில் மாட்டினால் சில்லு. அது சின்னதாக இருந்தால் அடுத்தடுத்துத் தீட்டும்போது தானே மறையும், அதற்காக முழுக் கத்தியையும் கரைக்க வேண்டாம். பிசிறு தெரிந்தால் அதே கல்லில் மிக லேசான இழுப்பாக, பக்கம் மாற்றி மாற்றி, கடைசியில் தோல் பட்டையிலோ செய்தித்தாள் மடிப்பிலோ வாய்க்கு எதிர்த் திசையில் இழுத்து எடுங்கள்.

தீட்டிய அன்று எல்லாச் சோதனையிலும் தேறினால் பாதி வேலை முடிந்தது. ஒரு நாள் சமையலோ, ஒரு காலை மரம் சீவலோ முடிந்த பிறகு, கழுவிக் காய வைத்து, பேனாவையும் தங்கூசியையும் மறுபடி எடுங்கள். எண் கொஞ்சம் கூடியிருப்பது இயல்பு. இரண்டு மடங்காகத் தாவியிருந்தால் பிசிறை எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள், இல்லையென்றால் அந்த வேலை தாங்காத அளவுக்குச் சரிவை மெல்லிசாக வைத்துவிட்டீர்கள். முதலில் படி 2-க்குத் திரும்பிப் போய்ப் பிசிறைத் தேடுங்கள். அது இல்லையென்றால் கல்லில் கத்தியின் முதுகைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் தீட்டுங்கள்.